வீட்டில் கொடுத்தாகிவிட்டது

லாத்தாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் உடனே தலையாட்ட மாட்டார். மேஜைக்காலில் நூலால் கட்டியிருக்கும் பேனாவை எடுத்து, நீங்கள் சொன்னதை எழுதுவார். எழுதியதை உங்களுக்கே படித்துக் காட்டுவார். “சரியா?” என்று கேட்பார். நீங்கள் சரி என்ற பிறகுதான் அந்தத் தலை அசையும்.

மீன்காரம்மாவிடமும் அப்படித்தான். கால் கிலோ கெளுத்தி, சுத்தம் பண்ணித் தர வேண்டும், தலை தனியாக. எல்லாம் நோட்டில் ஏறி, படிக்கப்பட்டு, ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே சட்டி வெளியே வரும்.

“கெளுத்திக்குப் பத்திரம் எழுதுற வூடு இந்தக் கூத்தாநல்லூர்லயே இது ஒண்ணுதாம்மா” என்பாள் மீன்காரம்மா. “சாட்சிக் கையெழுத்து யாரு போடறது, பூனையா?”

“பூனைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல. நீயே போட்டுட்டுப் போ” என்பார் லாத்தா, சிரிக்காமல்.

எல்லாரும் அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்தவர்கள்கூட. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றுகிறது. ஏன் என்று படிப்பவர்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் வாங்கிவிட்டு, நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில், சென்னைக்கு எப்போது போவோம் என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கூத்தாநல்லூரில் ஒரு வீட்டில் ‘மெயில் சென்டர்’ வைத்திருக்கிறார்கள், ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். லாத்தா தஞ்சாவூரில் கணக்குப் படித்தவர். அதன் பிறகு கம்ப்யூட்டரில் ஒரு டிப்ளமோ. முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதிருக்கும். கணவர் சவூதியில். அவர் வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டர்தான் முன்னறையில் பூத்துணி போர்த்தியபடி உட்கார்ந்திருந்தது.

அந்தத் தெருவில் ஆண்கள் இல்லாத வீடுகளே அதிகம். சவூதி, குவைத், துபாய், மலேசியா. கடிதம் வந்துசேர மூன்று வாரம். ஃபோனில் பேசினால் அழுவதற்கே நேரம் போய்விடும். அதனால் லாத்தா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மொத்த ஊருக்கும் ஒரே ஒரு மெயில் முகவரி. எழுதுகிறவர் தலைப்பில் தன் வீட்டுப் பெயரையும் தெருவையும் போட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை லாத்தா டெலிஃபோன் லைனில் சர்வரை இணைத்து எல்லாவற்றையும் இறக்குவார். அங்கிருந்து எழுதுகிறவர்கள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். அதைப் படித்து, தமிழில் என் கையால் எழுதி, வீடு வீடாகப் போய்க் கொடுப்பது என் வேலை. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டுவேன். என்னை ‘மெயிலு புள்ள’ என்பார்கள்.

இதில் லாத்தாவின் சொந்தச் சரக்கு ஒன்று உண்டு. மெயில் சர்வரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் சின்னப் புரோகிராம். பிளகின் என்று அதற்குப் பெயர். அதை அவரே எழுதியிருந்தார். எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு, வந்ததா, நான் எழுதிவிட்டேனா, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனா என்பதையெல்லாம் அது நினைவில் வைத்துக்கொள்ளும். நான் திரும்பி வந்து, இன்னாரிடம் இத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்று சொன்னதும் லாத்தா அதில் குறிப்பார். அந்தக் குறிப்பு ஏறியதும் எழுதியவருக்குத் தானாக ஒரு வரி பதில் போகும். ‘உங்கள் கடிதம் வீட்டில் கொடுத்தாகிவிட்டது.’

அந்த ஒரு வரிக்காக அங்கே மனிதர்கள் காத்திருந்தார்கள். விடுமுறையில் வந்த ஒருவர் என்னிடம் சொன்னார், “நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அத பாத்துட்டுத்தான் தூங்குவேன் புள்ள. வூட்டுக் கதவத் தொட்டுட்டு வந்த மாதிரி இருக்கும்.”

நான் சேர்ந்த முதல் நாளே லாத்தா எனக்கு விளக்கினார். “கம்ப்யூட்டரோட மெமரி இருக்கே, அது ஸ்லேட்டு. கரண்ட் போச்சுன்னா ஈரத்துணியால தொடச்ச மாதிரி. நம்ம ஊர்ல எத்தன தடவ கரண்ட் போகுதுன்னு ஒனக்கே தெரியும். அதனால ஒரு மெயில் வந்தா முதல்ல டிஸ்க்குல எழுதணும். எழுதினது எழுதின மாதிரியே இருக்கான்னு திரும்பப் படிக்கணும். அதுக்கப்புறந்தான் அந்தப் பக்கம் இருக்கற மெயில அழிக்கணும். ஒண்ணு ஒண்ணா. புரியுதா?”

“புரியுது லாத்தா.”

“என்ன புரிஞ்சுது, சொல்லு.”

நான் சொன்னேன். அவர் அதையும் நோட்டில் எழுதினார்.

இந்தக் குணத்தை வைத்து அவரைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. முதல் ஆள் அவர் கணவர். ஒருமுறை அவர் அனுப்பிய மெயிலை லாத்தாவே சத்தமாகப் படித்துக் காட்டினார். ‘நிக்காஹ்வுக்கு சம்மதமான்னு கேட்டதுக்கு இவ ஒரு பேப்பர் கேட்டாளாம். ஓதி வைக்க வந்த ஹஜ்ரத்தே பயந்துட்டார்.’ படித்துவிட்டு, “பொய். பென்சில்தான் கேட்டேன்” என்றார். அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். கீழ்வரிசையில் ஒரு பல் கோணலாக இருக்கும். அது தெரியக் கூடாதென்று பொதுவாக உதட்டை மூடியே சிரிப்பார்.

அன்பு இல்லாத மனுஷி என்றும் சிலர் சொன்னார்கள். அப்படியில்லை. ஒரு வீட்டில் பாட்டி இறந்த செய்தியைப் பேரனுக்கு அனுப்பச் சொல்லி வந்தார்கள். லாத்தா எழுதி, படித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். அவர்கள் அழுதுகொண்டே சரி என்றார்கள். அவர்கள் போன பிறகும் அனுப்பாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பேரனின் அறையில் கூட இருப்பவர் யார் என்று தேடி, முதலில் அவருக்கு எழுதினார். ‘இன்று அவனுக்கு ஒரு செய்தி வரும். அவன் படிக்கும்போது பக்கத்தில் இருங்கள்.’ அந்த ஆளிடமிருந்து ‘இருக்கிறேன்’ என்று பதில் வந்தது. அதன் பிறகே செய்தியை அனுப்பினார்.

என் தவறுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றியதே அதைத் தள்ளிப்போடத்தான்.

லாத்தாவின் முறை மிகவும் மெதுவானது. ஒவ்வொரு மெயிலாக இறக்கி, எழுதி, படித்து, அழித்து முடிப்பதற்குள் லைன் இரண்டு முறை அறுந்துபோகும். வாசலில் பெண்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். எனக்குப் பொறுக்காது. இதைப் பத்து மடங்கு வேகமாக்கலாம் என்று எனக்குத் தெரியும். எல்லா மெயிலையும் மொத்தமாக இறக்கி மெமரியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் மொத்தமாக அழித்துவிட்டு, சாயங்காலம் கடையை மூடும்போது ஒரேயடியாக டிஸ்க்கில் எழுதினால் போதும். ‘வீட்டில் கொடுத்தாகிவிட்டது’ என்ற பதிலையும் மெயில் வந்தவுடனே அனுப்பிவிட்டால் இன்னொரு முறை லைன் போட வேண்டாம். எப்படியும் அன்றைக்கே கொடுக்கத்தானே போகிறோம்? ஒருமுறை லாத்தாவிடம் இதைச் சொல்லியும் பார்த்தேன்.

“கொடுக்கறதுக்கு முன்னாடியே கொடுத்தாச்சுன்னு சொல்றதா?” என்றார்.

“ஒரு மணி நேர வித்தியாசம்தானே லாத்தா.”

“அந்த ஒரு மணி நேரம் நம்ம சொல்றது பொய்யி.” அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்திருந்தது. நானே செய்தது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. அந்தச் சமயம் பார்த்து லாத்தாவின் அம்மாவுக்கு தஞ்சாவூரில் கண் ஆபரேஷன். எட்டு நாள் நான் மட்டும். இரண்டாம் நாள் பிளகினை மாற்றி எழுதினேன். மூன்றாம் நாள் அது ஓடியது. ஒரு மணி நேர வேலை ஆறு நிமிஷத்தில் முடிந்தது. வாசலில் நின்ற பெண்கள், “அட, மெயிலு புள்ள ரயிலு புள்ளயா ஆயிட்டாளே” என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு கரண்ட் போனது. யூ.பி.எஸ். பேட்டரி கொஞ்ச நாளாகவே தகராறு. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கி மறைந்தது. அப்போதுதான் ஒன்பது மெயில் இறங்கியிருந்தது. ஒன்றைக்கூட நான் திறந்து படிக்கவில்லை. ஒன்பது பேருக்கும் ‘வீட்டில் கொடுத்தாகிவிட்டது’ போய்விட்டிருந்தது.

கரண்ட் வந்தபோது பட்டியல் காலி. வெளியே போன பதில்களை மட்டும் சர்வர் தன் வழக்கப்படி ஒரு பதிவில் எழுதி வைத்திருந்தது. அதில் ஒன்பது முகவரிகளும் இருந்தன. வரிசையாக, தெளிவாக. ‘மன்னிக்கவும், திரும்ப எழுதுங்கள்’ என்று அந்த ஒன்பது பேருக்கும் ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அரை மணி நேர வேலை. ஆனால் எழுதினால் லாத்தாவுக்குத் தெரிந்துவிடும். முக்கியமான விஷயமாக இருந்தால் அவர்களே மறுபடி எழுத மாட்டார்களா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைய பதிவை அழித்தேன். லாத்தாவின் பழைய பிளகினை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். பழைய மாதிரியே மெதுவாக ஓட ஆரம்பித்தது. “என்னடி, ரயிலு மறுபடி கட்டவண்டி ஆயிடுச்சா?” என்று கேட்டார்கள். சிரித்துவைத்தேன்.

லாத்தா திரும்பி வந்து இரண்டு வாரம் இருக்கும். மூன்று வீடு தள்ளியிருந்த கதீஜா மாமி முன்னறைக்குள் வந்து நின்றார். முக்காடு தோளில் கிடந்தது. அதைத் தலையில் போடக்கூட நினைப்பில்லை.

மாமிக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் சிராஜ் ரியாத்தில் இருந்தார். இளையவன் நவாஸ், என் வயதுதான், ஒரு ஏஜெண்ட் மூலமாகப் போன வாரம்தான் சவூதிக்கு விமானம் ஏறியிருந்தான்.

“சிராஜ் ஃபோன் பண்ணினான்” என்றார் மாமி. “நவாஸ்கிட்ட குடும்மான்னான். என்னடா சொல்ற, அவன் அங்கதானே வந்திருக்கான்னேன். அப்படியே சத்தமில்ல. அப்புறம் கத்துறான். ‘அனுப்பாதீங்கன்னு எழுதினேனே, அந்த ஏஜெண்ட் சொல்ற கம்பெனியே இங்க இல்ல, வர்றவங்க பாஸ்போர்ட்டப் புடுங்கிட்டு எங்கயோ கொண்டு போறானுங்கன்னு எழுதினேனே, வீட்ல கொடுத்தாச்சுன்னு பதில் வந்துச்சே’ன்னு. யாருகிட்ட கொடுத்தீங்க லாத்தா? எந்த வீட்ல கொடுத்தீங்க?”

லாத்தா என்னைப் பார்த்தார். கோபமில்லை. அவர் எல்லாரையும் பார்ப்பது போலத்தான் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

“நான் இல்லாதப்ப என்ன நடந்துச்சு புள்ள?”

என் வாய் தானாகப் பேசியது. “ஒரு நாள் கரண்ட் போச்சு லாத்தா. ஃபைல் கெட்டுப்போச்சு போல. நான் எதையும் தொடல.”

அவர் எழுதினார். மாமி நின்றுகொண்டே இருந்தார். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு லாத்தா படித்தார்.

“ஒரு நாள் கரண்ட் போனது. ஃபைல் கெட்டிருக்கலாம். நான் எதையும் தொடவில்லை.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “சரியா?”

“சரி” என்றேன்.

ஒரு பொய்யை ஒருமுறை சொல்வதற்கும், அதை எழுதி நம் முன்னால் வாசித்துக் காட்டியபோது ஆமாம் என்பதற்கும் நடுவே ஒரு வாய்ப்பு இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

லாத்தா மாமியிடம் திரும்பினார். கரண்டைச் சொல்லவில்லை. நான் தனியாக இருந்தேன் என்று சொல்லவில்லை. “எங்கிட்டதான் வந்துச்சு மாமி. எங்கிட்டதான் காணாமப் போச்சு. என் தப்பு” என்றார்.

மாமி அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஒன் வாசல இனிமே மிதிக்க மாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே அதன் பிறகு மிதிக்கவே இல்லை.

அன்றைக்கே லாத்தா, தன்னிடம் இருந்த எல்லா முகவரிகளுக்கும் எழுதினார். தன் வாடிக்கையாளர்களில் ஒருவரைக்கூட விடவில்லை. ‘நான் ஊரில் இல்லாத வாரத்தில் நீங்கள் எழுதியது வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனதாக நாங்கள் சொன்னது தவறாக இருக்கலாம். திரும்ப எழுதுங்கள்.’ அந்த ஒன்பது பேரில், சிராஜைத் தவிர, ஐந்து பேர் திரும்ப எழுதினார்கள். எல்லாம் நலம் விசாரித்த கடிதங்கள். மீதி மூன்றில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மெயிலுக்குப் பிறகு கூட்டம் பாதியாகக் குறைந்தது. லாத்தா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அவருக்கு வேறு ஒரு வேலை இருந்தது. சிராஜ் தனக்கு வந்த பதிலை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார். கொடுத்ததாகக் குறிக்காத கடிதத்துக்கு அந்தப் பதில் போகவே முடியாது. லாத்தா எழுதிய பிளகினில் அதற்கு வழியே இல்லை. ஆனால் போயிருக்கிறது. அப்படியென்றால் தான் எழுதியதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அவர் நினைத்தார்.

அதைக் கண்டுபிடிக்க அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தனக்குத்தானே ஆறு மெயில் அனுப்பிக்கொள்வார். அவை இறங்கிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவார். திரை அணையும். பத்து எண்ணுவார். மறுபடி சொருகுவார். பட்டியலைப் பார்ப்பார். ஆறும் இருக்கும். நோட்டில் எழுதுவார்: ஆறும் உள்ளது. மறுபடி அனுப்புவார். மறுபடி பிடுங்குவார். முதல் மெயிலில் ஒரு முறை, நாலாவதில் ஒரு முறை, படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு முறை, அழித்துக்கொண்டிருக்கும்போது ஒரு முறை. நாற்பது தடவைக்கு மேல் இருக்கும். ஒரு தடவைகூட ஒரு மெயிலும் தொலையவில்லை. அந்த எழுத்தில் குற்றமே இல்லை.

“அன்னிக்கு மட்டும் எப்படிப் போச்சு?” என்று கேட்பார். என்னைக் கேட்கவில்லை. மெஷினைக் கேட்டார்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, “போதும் லாத்தா. சில சமயம் காரணமே தெரியாமப் போறதுதான்” என்றேன். நானே சொன்னேன்.

“காரணம் தெரியாதுன்னா மறுபடியும் போகும்னு அர்த்தம்” என்றார். “நாள பின்ன இன்னொரு புள்ளயோட கடுதாசி போகும். எங்க தப்புன்னே தெரியாத பொட்டியில ஊரு மெயில எப்படி நான் வாங்கி வைக்கிறது?”

அந்த மாதக் கடைசியில் சென்டரை மூடினார். கம்ப்யூட்டரை விற்கவில்லை. பூத்துணியைப் போர்த்தி வைத்துவிட்டார். நான் சென்னைக்குக் கிளம்பும்போது ஒரு புடவை கொடுத்தார். “கெட்டிக்காரி நீ. அவசரம் மட்டும் கொஞ்சம் கொறச்சுக்க” என்றார். இன்டர்வியூவில் நான் எழுதியதைச் சொல்லவில்லை. கரண்ட் போனாலும் ஒரு கடிதம்கூடத் தொலையாதபடி மெயில் சர்வருக்கு ஒரு பிளகின் எழுதியிருக்கிறேன் என்று, லாத்தாவின் வேலையை என் வேலையாகச் சொன்னேன். வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் கல்யாணம், வீடு, பிள்ளை எல்லாம்.

இந்தப் பிள்ளையால்தான் இதை எழுதுகிறேன். அவன் இப்போது வெளிநாட்டில் படிக்கிறான். போன மாதம் இரண்டு நாள் அவனிடமிருந்து பதிலே இல்லை. நான் அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், சேர்ந்துவிட்டது, பார்த்துவிட்டார் என்று குறி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. யார் பார்த்தார்கள்? மூன்றாம் நாள் அவனே பேசினான். குடல்வால் ஆபரேஷன், ஃபோன் ஒரு நண்பன் கையில் இருந்ததாம், அம்மா பயப்படுவாள் என்று சொல்லவில்லையாம். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த இரண்டு நாளும் நான் கதீஜா மாமியாக இருந்தேன். மாமிக்கு அது இரண்டு நாளில் முடியவில்லை.

போன வாரம் கூத்தாநல்லூருக்குப் போனேன். லாத்தா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று அந்தத் தெரு முனையில்தான் தெரிந்தது. வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். திரும்பிப் போக முடியாமல், நவாஸ் இருக்கிறாரா என்று விசாரித்தேன். கடைத்தெருவில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. தாடி நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல் இல்லை.

“மெயிலு புள்ளயா! வாங்கக்கா, வாங்க, உட்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே பார்த்து, “ஆயிஷா, டீ போடு. சக்கர தூக்கலா” என்று குரல் கொடுத்தார். என் குடும்பத்தை விசாரித்தார். நானும் விசாரித்தேன். பேச்சு தானாகவே அங்கே போனது.

“ரெண்டே முக்கா வருஷம்க்கா. சிமெண்ட் சைட்டு. இது கலவை மெஷின்ல போனது” என்று கையைக் காட்டினார். “அண்ணன் தேடாத எடமில்ல. கடைசியில என்னக் கண்டுபிடிச்சது யாருன்னு தெரியுமா? லாத்தா. சென்டர மூடின பொறகும் அந்த நாட்டுல இருந்த நம்மூர் ஆளுங்க எல்லாருக்கும் எழுதிக்கிட்டே இருந்திருக்காங்க. என் பேரு, ஃபோட்டோ, எல்லாம் போட்டு. ஒருநாள் லாரி ஓட்டுற ஆளு ஒருத்தர் ஒரு பேப்பரக் கொண்டாந்து என் மூஞ்சியையும் பேப்பரையும் மாத்தி மாத்திப் பாக்குறார். எம்பசிக்கு எழுதி, வெளிய வர்ற வரைக்கும் அவங்கதான்.”

“வந்து பாத்தீங்களா அவங்கள?”

அவர் காட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். “இல்லக்கா. தப்புப் பண்ணினவ தேடித்தானே ஆகணும்னு அம்மா சொல்லும். அந்த வாசலுக்குப் போனா என் மையித்தப் பாப்பேன்னு சொல்லிடுச்சு. எனக்கும் கோவம். ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல எதுக்க வந்தாங்க. ‘நவாஸ், கை இப்ப வலிக்குதாப்பா’ன்னாங்க. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிட்டேன். அவங்க மவுத்தானப்ப தெருவே போச்சு. எங்க வூட்லேர்ந்து மட்டும் யாரும் போகல.”

நான் சொன்னேன். எல்லாவற்றையும். மாற்றி எழுதியது, ஒன்பது முகவரி, அழித்தது, நான் எதையும் தொடவில்லை என்றது, அவர் வாசித்துக் காட்டியபோது சரி என்றது, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி அவர் தேடியபோது பக்கத்தில் நின்றது. ஒரு வாடிக்கையாளர் வந்து, நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

நவாஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த ஒரு டைல்ஸ் துண்டை எடுத்து, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியாது.”

“சாகற வரைக்கும்?”

“சாகற வரைக்கும்.”

“அப்ப எங்கிட்ட ஏன் சொல்றீங்க?” குரல் உயரவே இல்லை. “எனக்குப் போனது ரெண்டு வெரலு. அத மன்னிச்சுட்டேன்னு இப்பவே சொல்லிடலாம். நான் மொகத்தத் திருப்பினேனே, அத நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?”

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, வீட்டுக்குள் போகும் திரையை விலக்கினார்.

“ஆயிஷா” என்றார். “டீ வேணாம்.”